நீ தேடிய பிழை அங்கே இருக்கவில்லை

தம்பி,

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் கௌசல்யா வாசித்துவிட்டாள். மேல் டிவிசன் ராஜாத்தி அக்காவின் மகள் கௌசல்யா. இரண்டு வருடமாக நீ பெயரைக்கூடச் சொல்லாமல் "அந்தப் புள்ள" என்று மட்டும் சொல்கிறவள். வாசித்துவிட்டு ஓரிடத்தில் பென்சிலால் கோடு போட்டு, "இது இப்படி நடக்கல" என்று எழுதித் தந்தாள். திருத்திய பிரதிதான் உன் கைக்கு வருகிறது. இன்னொரு பிரதியைத் திங்கட்கிழமை காலையில், நான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பரா வாசலில், தடுப்பூசித் திகதிகளை ஒட்டும் பலகையில் ஒட்டப் போகிறேன். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளைக் கொண்டுவந்து விடுகிற அந்த வாசலில்தான் நான் அன்றைக்குப் பொய் சொன்னேன். அத்தனை பேர் கேட்கச் சொன்ன பொய்யை ஓர் உறைக்குள் போட்டு ஒட்டி, உன்னிடம் மட்டும் ஒப்புக்கொண்டால் போதாது. நான் அதிகம் பேசாதவள் என்பது உனக்குத் தெரியும். மத்தியானம் குழந்தைகள் தூங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ஹட்டன் வாசிகசாலைப் புத்தகம் வாசிப்பதைத் தவிர, என் மனதில் என்ன ஓடுகிறது என்று இந்தத் தோட்டத்தில் யாருக்கும் நான் காட்டியதில்லை. அந்தப் பழக்கமும் இதில் ஒரு குற்றவாளிதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கோல் எடுத்தாய். கொழும்பில் உன் கூட்டாளி வேலை செய்யும் இடத்தில் கணினி நிரல் எழுத ஆள் கேட்கிறார்கள், அவன் உன் பெயரைக் கொடுத்திருக்கிறான், அவர்கள் உன்னிடம் பேசிப் பார்த்துவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள், வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவையும் வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னாய். "நல்லதுதானே தம்பி" என்றேன். "வேணாம்மா. நான் ஹார்ட்வெயார் கடையிலேயே இருந்துக்கிறேன். ஆணி, பைப்பு, பெயின்ட். வாங்கிட்டுப் போனவன் திரும்பி வந்து, உன்னால எம் வாழ்க்கையே போச்சுன்னு சொல்ல மாட்டான்" என்று சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "எங்க தப்புன்னே கண்டுபிடிக்கத் தெரியாதவன் அடுத்தவங்களுக்கு எழுதிக் குடுக்கக் கூடாதும்மா." நான் பேசவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து, "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு நீ வைத்துவிட்டாய். சிக்னல் போகவில்லை தம்பி. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ இரண்டு நாள் முழுக்கத் தேடிய பிழை உன் நிரலில் இருக்கவில்லை. அதை வைத்தவள் நான். நீ வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள் அதை எடுத்தவளும் நான். இல்லாத ஒன்றை உன்னால் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்?

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பலகையில் வாசிப்பவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். நம் தோட்டத்துக்கு ஒரே ஒரு முகவரி. யாருக்கு என்ன கடிதம் வந்தாலும் தபால் பையில் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். முன்பெல்லாம் காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, கங்காணி ஒவ்வொரு பெயராகச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார். வராதவர்களின் கடிதம் பக்கத்து வீட்டுக்காரரின் சட்டைப் பையில் ஏறிக்கொள்ளும். சிலது அந்தச் சட்டையோடு சேர்ந்து தோய்க்கப்பட்டும் போகும். அதனால் ஆபீஸ் அந்த வேலையைப் பிள்ளைக்காம்பராவுக்குத் தந்தது. குழந்தைகளின் நிறையைப் பதிவதற்காக யாரோ கொடுத்த பழைய கணினி அங்கே இருந்தது. நீ உயர்தரம் முடித்து ஹட்டனில் கணினிப் படிப்பில் சேர்ந்திருந்த காலம் அது. "நான் ஒண்ணு எழுதித் தாறேன்மா, கடிதம் வந்த உடனே அவங்கவங்க போனுக்கு மெசேஜ் போற மாதிரி" என்று நீதான் சொன்னாய். உனக்கு வயது பத்தொன்பது. உன்னைப் பெற்றபோது எனக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். இவனைப் போல ஒன்றைச் செய்ய எனக்குத் தெரிந்திருந்தால் என்று நான் பொறாமைப்பட்டதும் உண்மை.

வேரியபிள் என்றால் என்ன என்று நீ எனக்குச் சொல்லித் தந்த நாள் ஞாபகமிருக்கிறதா? பிள்ளைக்காம்பரா சுவரில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு குழந்தையின் பெயர். கொக்கியில் அந்தக் குழந்தையின் பை. "இதுதாம்மா வேரியபிள். பேரு எழுதின கொக்கி. தர்ஷியோட பைய எடுன்னு நிரல்ல எழுதினா, அது தர்ஷின்னு எழுதின கொக்கிக்குப் போகும்" என்றாய்.

"பை இல்லாட்டி?"

"வெறுங்கொக்கி. அது பரவால்ல, இல்லன்னு தெரியும். கொக்கியே அடிக்கலன்னா என்னா செய்யும் சொல்லுங்க?"

"தேடிக்கிட்டு நிக்கும்."

"நிக்காதும்மா. அதுதான் இந்த மொழியில உள்ள வில்லங்கம். அன்டிஃபைன்ட் வேரியபிள், அப்படி ஒரு கொக்கியே இங்க இல்லன்னு மஞ்ச எழுத்துல ஒரு தரம் முணுமுணுக்கும். அப்புறம் வெறுங்கையோட அடுத்த வேலைக்குப் போயிரும். பையக் கொண்டுவந்த மாதிரியே நடந்துக்கும்."

"நம்ம கணக்கப்புள்ள மாதிரி" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகள் எழுந்துவிட்டன.

உன் நிரல் வேலை செய்த விதம் இது. உறையில் எழுதியிருக்கும் லய நம்பரையும், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையின் நம்பரையும், அறை நம்பரையும் நான் தட்டுவேன். அந்த இரண்டையும் வைத்து அது குடும்பப் பட்டியலில் தொலைபேசி எண்ணைத் தேடி எடுக்கும். கேபிளில் இணைத்த போன் வழியாகச் செய்தி போகும். திரையில் "அனுப்பியாச்சு" என்று வரும். பெயரை வைத்தே தேடினால் என்ன என்று கேட்டேன். "நம்ம தோட்டத்துல எத்தன யோகேஸ்வரிம்மா இருக்காங்க?" என்றாய். எண்ணினோம், ஏழு பேர். அப்போதுதான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். நிரல் எழுதுகிறவன் கேட்கவேண்டிய சரியான கேள்வி அது. "அம்மா, வர்ற எல்லாக் கடிதத்துலயும் லய நம்பர் இருக்குமா?" நான், "இருக்கும்" என்றேன்.

இருக்காது என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் என்னைவிட நன்றாக அது யாருக்கும் தெரியாது. ஏனென்றால் லய நம்பரை எழுதாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். உயர்தரம் எழுதிய பிள்ளைகள் விண்ணப்பப் படிவங்களை என்னிடம் கொண்டுவருவார்கள். முகவரி என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நிற்கும். "லயம்னு போடாத. தோட்டத்துப் பேரையும் தபாலகத்தையும் போட்டா போதும்" என்பேன். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் படிவத்தைப் பார்க்கிறவரின் முகம் எப்படி மாறும் என்று நான் கற்பனை செய்துவைத்திருந்தேன். உன் படிவத்திலும் அதைத்தான் செய்தேன். நீ ஆறாம் வகுப்பில் டவுன் பாடசாலையில் சேர்ந்தபோது நான் எழுதிய முகவரியை வைத்து உன் வகுப்பாசிரியர் ஒரு நாள் வீடு தேடி வந்தார். மழையில் ஒரு மணி நேரம் லயம் லயமாக அலைந்து, கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போய், அடுத்த நாள் வகுப்பில் வைத்து, "நீ என்னடா, ஆகாயத்துலயா குடியிருக்க?" என்று உன்னைக் கேட்டார். ஏன் லய நம்பர் எழுதவில்லை என்று நீ என்னிடம் கேட்டாய். படிவத்தில் இடம் போதவில்லை என்றேன். நீ நம்பினாய். என் மகன் என்னை நம்புகிறவன் என்பதை அன்றைக்கே தெரிந்துகொண்டேன். அதை நான் பின்னால் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நிரல் ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே மஞ்சள் எழுத்து வந்தது. லய நம்பர் இல்லாத உறை ஒன்று வரும்போதெல்லாம், தொலைபேசி எண் என்ற அந்தக் கொக்கியே அடிக்கப்படாமல், நாற்பத்தோராம் வரியில் இப்படி ஒன்று இல்லை என்று திரை சொன்னது. ஆனாலும் கீழே வழக்கம்போல "அனுப்பியாச்சு" என்றும் வந்தது. உனக்குக் கோல் எடுத்தேன். உனக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. "பரீட்சை முடிஞ்சு வந்து ஒழுங்கா செஞ்சி தாறேன்மா. அதுவரைக்கும் மஞ்ச எழுத்து வந்தா அந்தக் கடிதத்தத் தனியா எடுத்து வச்சி ஆள் விட்டுச் சொல்லுங்க. என்னா வந்தாலும் அத மறைக்க மட்டும் வேணாம். தனக்குத் தெரியலன்னு அது சொல்றது அந்த ஒரு எடத்துலதான்" என்றாய். மூன்று வாரம் அப்படியே செய்தேன். தனியாக எடுத்து வைத்த ஒவ்வோர் உறையும் நான் நிரப்பிக் கொடுத்த படிவத்துக்கு வந்த பதிலாகத்தான் இருந்தது.

பிறகு கணினியைத் தந்தவர்கள் பார்க்க வருகிறார்கள் என்றார்கள். அதற்கு முதல் நாள் தோட்டத்து உதவி முகாமையாளர் சின்ன துரை வந்து எல்லாம் சுத்தமாக இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தார். நான் அன்றைய கடிதங்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். திரையில் மூன்று மஞ்சள் வரிகள். "என்ன டீச்சர், மகன் செஞ்சதுக்கு மஞ்சக் காமாலையா?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் எரிந்தது. அவர்கள் போனதும் போனில் தேடினேன். எச்சரிக்கைகளைத் திரையில் காட்டாமல் நிறுத்த ஒரே ஒரு வரி போதும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அந்த வரியை உன் நிரலின் உச்சியில் சேர்த்தேன். எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தேன். மஞ்சள் போய்விட்டது. இவ்வளவு சுலபமா என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. உன் நிரலை நான் தொட்டதும் அது கீழ்ப்படிந்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது தம்பி. இதையும் மறைக்கவில்லை.

வந்தவர்கள் பார்த்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று பின்னேரமே அந்த வரியை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. திரை சுத்தமாக இருந்தது; எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஐந்து வாரம் அப்படியே விட்டேன். எந்தக் கடிதத்தைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும் என்று சொல்ல எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் "அனுப்பியாச்சு" என்று வந்தது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கினேன். குழந்தையை விட வருகிற தாய்மார் கண்ணில் பட்டதைக் கையோடு எடுத்துப் போனார்கள். அதனால் பலருக்குச் செய்தி போகாததே தெரியவில்லை. ராஜாத்தி அக்கா வீட்டில் சின்னக் குழந்தை இல்லை. மேல் டிவிசனிலிருந்து அவர்கள் இந்தப் பக்கம் இறங்கி வர வேலையும் இல்லை. கௌசல்யா போனை மட்டும் நம்பிக் காத்திருந்தாள்.

அந்த ஐந்து வாரத்துக்குள் ஒரு தடவை மண் சரிந்து அக்கரப்பத்தனைப் பாதை மூடிக் கிடந்தது. திறந்ததும் நான்கு நாள் தபால் ஒன்றாக வந்து சேர்ந்தது. அவசரமாகத் தட்டினேன். நீளமான பழுப்பு உறை ஒன்று என் கையில் இருந்தது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. கௌசல்யா என்ற பெயரை வாசித்தேன். லய நம்பர் இல்லை. அந்தப் படிவத்தை அவளோடு உட்கார்ந்து நிரப்பியவள் நான்தான். தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள் என்பதும் தெரியும். ஆனாலும் இரண்டு கட்டங்களையும் வெறுமையாக விட்டுத் தட்டினேன். "அனுப்பியாச்சு" என்றது. அடுத்த உறையை எடுத்தேன். என் மூளை வேறு எதையும் யோசிக்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் அவளோடு படித்த பிள்ளை, "நேர்முகத்துக்கு நீ ஏன் வரல?" என்று கேட்ட பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. மறுநாள் காலை, குழந்தைகளை விட வந்தவர்கள் எல்லாரும் வாசலில் நிற்கும் நேரம் ராஜாத்தி அக்கா வந்தார். பின்னால் கௌசல்யா. "டீச்சர், எம்மகளுக்குக் கடிதம் ஏதும் வந்துச்சா?"

"வந்திருந்தா மெசேஜ் வந்திருக்குமே அக்கா" என்று சொல்லிக்கொண்டே தட்டைப் புரட்டினேன். அடியில் இருந்தது. கௌசல்யா அங்கேயே நின்று பிரித்தாள். திகதியைப் பார்த்தாள். உறையின் முத்திரையையும் பார்த்து, "பதினஞ்சு நாளாச்சும்மா" என்று தாளை அம்மாவிடம் கொடுத்தாள். ராஜாத்தி அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு நாளா இதுக்குள்ளயா கெடந்துச்சு? எம்புள்ள குளிக்கப் போறப்பக்கூட போனக் கையிலயே வச்சிக்கிட்டு இருந்தாளே டீச்சர்."

வாசலில் நின்ற ஒருத்தி, "காலேஜ் படிச்ச புள்ள செஞ்ச வேல. இதுக்குக் கங்காணி தொண்டத் தண்ணி வத்தக் கத்துனதே மேலு" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாசித்த கதைகளில் பொய் சொல்கிறவர்கள் யோசித்துத் திட்டமிட்டுச் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு நேரமே தேவைப்படவில்லை. பொய் வாயில் தயாராக இருந்தது. "தம்பி செஞ்சதுல ஏதோ தப்பு இருக்கு போல அக்கா" என்றேன். அது போதாதென்று, "உங்க மகளும் லய நம்பர் எழுதாம விட்டிருக்கு" என்றேன். கௌசல்யா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

நீ சனிக்கிழமை வருவதாகச் சொன்னாய். வெள்ளிக்கிழமை குழந்தைகள் தூங்கிய நேரத்தில் கணினியைத் திறந்து, நான் சேர்த்த வரியை அழித்துச் சேமித்தேன். உன் நிரல் நீ எழுதிக் கொடுத்தபடியே ஆகிவிட்டது. நீ வந்தாய். பை தோளிலிருந்து இறங்கவில்லை. லய நம்பர் இல்லாத உறையைப் போல ஒன்றைத் தட்டிப் பார்த்தாய். மஞ்சள் எழுத்து உடனே வந்தது. உன் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

"கொக்கி இல்லன்னு சொல்லுதே. அன்னிக்கும் இது வந்திருக்கணும்மா."

"வரல."

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

"வரலன்னு சொல்றேன்ல தம்பி."

அது உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் உன்னை இரண்டு நாள் அலைக்கழித்தேன். ஒரே பிழையைத் திரும்ப வரவழைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது என்று நீ முன்பு சொல்லியிருக்கிறாய். உன்னால் வரவழைக்க முடியவில்லை. நூறு விதமாகத் தட்டினாய். நான்கு நாள் கடிதங்களையும் அதே வரிசையில் தட்டிப் பார்த்தாய். போனைக் கழற்றி மாட்டினாய். பிளக்கைப் பிடுங்கிக் கரண்ட் போனது போலச் செய்தாய். ஒவ்வொரு தடவையும் மஞ்சள் எழுத்து ஒழுங்காக வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோப்பின் திகதியைப் பார்த்தாய். "வெள்ளிக்கிழமை யாரோ இதச் சேமிச்சிருக்காங்களே. நீங்க ஏதும் மாத்தினீங்களாம்மா?" என்றாய்.

நான் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தேன். "எனக்கு அதுல என்னா தெரியும்? கரண்ட் போய் வந்துச்சு, அதால இருக்கும்" என்றேன்.

கரண்ட் போய் வந்தால் கோப்பின் திகதி மாறாது. அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இயந்திரம் உன்னிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நீ என் முகத்தைப் பார்த்தாய், "ம்" என்றாய், அதற்குப் பிறகு அந்தத் திகதியைப் பற்றிக் கேட்கவே இல்லை. உன் அறிவு சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது தம்பி. ஒரு கேள்விதான் மிச்சம். அந்தக் கேள்விக்குக் குறுக்கே உன் அம்மா நின்றாள். இதை நீ ஒன்றுக்கு இரண்டு தரம் வாசிக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

அதன் பிறகு நீ என்ன செய்தாய் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். மேல் டிவிசனுக்கு ஏறிப் போனாய். மன்னிப்புக் கேட்டாய். கௌசல்யா கதவைச் சாத்திக்கொண்டாள் என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். அவள் பென்சிலால் கோடு போட்டது அங்கேதான். கதவைச் சாத்தியது அவளுடைய அம்மாவாம். கதவுக்கு உள்ளே நின்று, நீ மழையில் பேசியதை எல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாளாம். "எங்க தப்புன்னு எனக்குத் தெரியல, ஆனா தப்பு என்னோடதுதான்" என்று நீ சொன்னாயாம். அந்த வாக்கியத்தை அவள் அப்படியே எனக்குச் சொன்னாள். எனக்கு அது புதிது. அடுத்த மாதம் நீ படிப்பை விட்டாய், ஹட்டனிலேயே கடையில் சேர்ந்தாய். சாப்பாடு, குளிர், சம்பளம் என்று நான் ஏதேதோ விசாரித்தேன். ஒரு நாளும் காரணம் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்ற பயம்.

நேற்று, சனிக்கிழமை, உன் அப்பாவிடம் சொன்னேன். பாக்டரியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். "நீயா?" என்றார். வெகுநேரம் துண்டால் முகத்தைத் துடைத்தபடியே இருந்தார். "மொதல்ல அந்தப் புள்ளகிட்டப் போ. அப்புறம் இவனுக்கு எழுது" என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கோல் எடுத்தாய் என்று மேலே எழுதினேன். அதற்குப் பிறகும் ஆறு நாள் எடுத்துத்தான் அப்பாவிடம் சொன்னேன் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள். இன்று காலை மேல் டிவிசனுக்குப் போனேன். கௌசல்யா இப்போது டவுனில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். இன்று லீவு. வீட்டுக்குப் பின்னால் முட்டைக்கோவாப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் களை பிடுங்குவதை நிறுத்தவில்லை.

"லய நம்பர் எழுதாதன்னு எனக்குச் சொன்னது நீங்கதான் டீச்சர்" என்றாள்.

"தெரியும்."

"அன்னிக்கு வாசல்ல வச்சி, நான் எழுதாம விட்டேன்னு அம்மாகிட்டச் சொன்னீங்க. எங்கம்மா அத இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறாங்க. நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். மறந்தவங்களோட என்னான்னு சண்டை போடுறதுன்னு விட்டுட்டேன்."

"மறக்கல."

அப்போதுதான் அவள் எழுந்து நின்றாள். கையெல்லாம் மண். "மறக்காமலேயா இருந்தீங்க?" என்றாள்.

மன்னித்துவிடு என்று கேட்டேன். "அது இப்ப முடியாது டீச்சர். பின்னாடி முடியுமான்னும் தெரியல. சும்மா வாயால சொல்லி அனுப்ப எனக்கு இஷ்டமில்ல" என்றாள். அதற்குப் பிறகு, "உங்க மகனுக்கு மட்டும் எழுதினா போதாது. சொன்ன எடத்துல ஒட்டுங்க. எங்கம்மாவால வாசிக்க முடியாது, ஆனா வாசிச்சவங்க வந்து சொல்லுவாங்க" என்றாள். வீட்டுக்கு வந்து இதை எழுதினேன். பின்னேரம் கொண்டுபோய்க் காட்டினேன். அவளுக்கு அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருந்தால் இன்றைக்குத் தாதியாக இருந்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. நேர்முகத்தில் தேறாமலும் போயிருக்கலாம். ஆனால் அதை அவள் தெரிந்துகொள்ளக்கூட நான் விடவில்லை. உனக்கும் அதையேதான் செய்திருக்கிறேன்.

புத்தி சொல்ல எனக்கு இப்போது தகுதியில்லை. இருந்தாலும் தாய் எழுதும் கடிதம், ஒன்றிரண்டாவது வந்துவிடும். நீ எங்கே போய் யாருக்கு எழுதினாலும், "எல்லாவற்றிலும் இருக்கும்" என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால், அவர் எதைச் சொல்லக் கூசுகிறார் என்று ஒரு தரம் யோசித்துப் பார். உன் நிரல் தெரியாததைத் தெரியாது என்று சொன்னது நல்ல பழக்கம். அதோடு நின்றும்விட வேண்டும், "அனுப்பியாச்சு" என்று சொல்லக் கூடாது. அது ஒன்றுதான் உன் பக்கத்துத் தவறு என்று நினைக்கிறேன். அதையும் பரீட்சை முடிந்து வந்து செய்துதருவதாக நீ சொல்லியிருந்தாய். மற்றதெல்லாம் என் கையால் நடந்தது. உன்னைப் பெற்றவள் பொய் சொல்ல மாட்டாள் என்று நீ நம்பியதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இனி ஒரு கோப்பின் திகதி ஒன்றைச் சொல்லி, நான் வேறொன்றைச் சொன்னால், திகதியை நம்பு.

நான் சேர்த்து அழித்த அந்த வரியைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உன் நிரலின் பழைய பிரதி உன்னிடம் இருக்கும். உச்சியில் இதைப் போட்டு, லய நம்பரைத் தட்டாமல் ஓடவிட்டுப் பார். மஞ்சள் எழுத்து வராது. நீ இரண்டு நாள் வரவழைக்கப் பார்த்து முடியாமல் போனது ஒரு நிமிடத்தில் உன் முன்னால் வந்து நிற்கும். என் வார்த்தையை நம்ப வேண்டாம், உன் கண்ணால் பார்.

அப்பா நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்து இதை உன் கையில் தருவார். நீ என்னோடு பேசாமல் இருக்க நினைத்தால் இரு. நான் கோல் எடுத்துத் தொந்தரவு செய்ய மாட்டேன். கொழும்புக்குப் போ என்று சொல்லவும் இதை எழுதவில்லை. கடை வேலை உனக்கு உண்மையாகவே பிடித்திருக்கலாம். கொழும்பு பிடிக்காமல் இருக்கலாம். வெள்ளிக்கிழமை நீ அவர்களிடம் வேண்டாம் என்று சொல்வதானால் தாராளமாகச் சொல். ஆனால் அதற்கு உன்னுடைய காரணம் ஒன்றைத் தேடிக்கொள். இதுவரை நீ வைத்திருந்தது என்னுடையது. அதை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அம்மா